டிஜிட்டல் டிவியில் படம் உடைகிறதா? பூஸ்டர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ஆன்டெனா வழியாக இலவசமாக வரும் டிஜிட்டல் டிவியைப் பற்றிக் கேட்டால் இரண்டே பதில்கள்தான் வரும். ஒரு சாரார் "பளிச்சென்று இருக்கிறது, மாதக் கட்டணமும் இல்லை" என்பார்கள். மறுசாரார் "பழைய அனலாகே தேவலை" என்று அடித்துச் சொல்வார்கள். ஒரே தெருவில், ஒரே கோபுரத்தின் சிக்னலை வாங்கும் இரண்டு வீடுகளிலிருந்து இப்படி நேர்மாறான தீர்ப்புகள் வருவதற்குக் காரணம் உண்டு.

அனலாகில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் கூடும். பாதி மங்கிய படத்திலும் செய்தி வாசிப்பவரின் முகம் தெரியும், குரல் கேட்கும். டிஜிட்டலில், வழியில் சேதமான தரவைப் பெறுகருவி தானே திருத்திக்கொள்கிறது. பிழைகள் திருத்தக்கூடிய வரம்புக்குள் இருக்கும்வரை படத்தில் ஒரு குறையும் தெரியாது. வரம்பு தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடையும். சிக்னல் இன்னும் ஒன்றிரண்டு டெசிபல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) இறங்கினால் திரை கறுத்துவிடும். வரம்புக்கு ஒரு டெசிபல் மேலே இருக்கும் வீட்டிலும் இருபது டெசிபல் மேலே இருக்கும் வீட்டிலும் படம் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். முதல் வீட்டுக்காரர் தாம் விளிம்பில் இருப்பது தெரியாமலே வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். எதிரே ஒரு மாடி எழுந்து படம் போனதும், "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது, நிலையத்தில் ஏதோ குறைத்துவிட்டார்கள்" என்பார். அடுத்த வேலையாகச் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கக் கிளம்புவார்.

பல பழுதுகளில் பூஸ்டரால் ஒரு பயனும் இல்லை. சில பழுதுகளுக்குக் காரணமே அதுதான். எனவே அறிகுறியிலிருந்து தொடங்குவோம்.

முதலில் பார்க்க வேண்டிய இரண்டு பட்டைகள்

டிவியின் அமைப்புப் பக்கத்தில் சேனல் அல்லது ஒளிபரப்பு என்ற பிரிவுக்குள் சிக்னல் தகவல் என்று ஒரு திரை இருக்கும். சில கருவிகளில் ரிமோட்டின் தகவல் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் வரும். அதில் இரண்டு பட்டைகள்: ஒன்று வலிமை, மற்றொன்று தரம். வலிமை என்பது ஆன்டெனா முனைக்கு எவ்வளவு சக்தி வந்து சேர்கிறது என்பது. இரைச்சலும் அதில் சேர்த்தி. தரம் என்பது வந்ததில் எவ்வளவு பயன்படும் நிலையில் இருக்கிறது என்பது. படத்தைத் தீர்மானிப்பது தரம்தான்.

அந்தப் பட்டைகளில் வரும் சதவீதங்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் 60-ம் இன்னொருவரின் 90-ம் ஒரே சிக்னலைக் குறிக்கலாம். ஒரே டிவியில், ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டுமே அவை உதவும். எண்களைச் சேனல் வாரியாக ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரு சேனலும் வரவில்லை

"சிக்னல் இல்லை" என்று திரை சொன்னால், முதலில் டிவி சரியான உள்ளீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ரிமோட்டில் ஒரு தவறான அழுத்தம் போதும். அடுத்து, டிவியின் பின்புறம் ஆன்டெனா கேபிள் முழுதாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் பலர் கோட்டைவிடும் இடம். கூரையில் ஆன்டெனாவுக்கு அருகே பெருக்கி (அதுவும் ஒரு பூஸ்டர்தான்) பொருத்தியிருந்தால் அதற்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகவே மேலே போகும். அந்த மின்சாரத்தைக் கொடுப்பது டிவிக்குப் பின்னாலோ பரணிலோ கிடக்கும் ஒரு சிறு பெட்டி. ஃபோனுக்குச் சார்ஜ் போட இடம் வேண்டுமென்று வீட்டில் யாரோ அதைப் பிடுங்கியிருப்பார்கள். மின்சாரம் இல்லாத பெருக்கி சிக்னலைக் கடக்க விடாது; பெருக்கியே இல்லாத நிலையைவிட மோசமாகிவிடும். சில டிவிகளிலும் செட்-டாப் பாக்ஸ்களிலும் ஆன்டெனாவுக்கு 5 வோல்ட் கொடுக்கும் வசதி அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு அது அணைந்து கிடக்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அங்கும் படம் இல்லையென்றால் பழுது உங்கள் வீட்டில் இல்லை. 2021 ஆகஸ்ட் 10 அன்று இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரில் உள்ள பில்ஸ்டேல் கோபுரத்தில் தீப்பிடித்தபோது லட்சக்கணக்கான வீடுகளில் டிவி நின்றுபோனது. பல வாரங்கள் படம் இல்லாமலே இருந்த பகுதிகளும் உண்டு. அப்படிப்பட்ட வேளையில் எத்தனை முறை ஆன்டெனாவைத் திருப்பினாலும் பலனில்லை. முக்கியமாக, சேனல் தேடலை ஓடவிடாதீர்கள். சிக்னல் இல்லாத நேரத்தில் தேடினால், இருக்கும் பட்டியலும் அழிந்துவிடும்.

சில சேனல்கள் மட்டும் காணவில்லை

இதுதான் அதிகம் குழப்பும் அறிகுறி. ஆனால் துப்பு அதிகம் கிடைப்பதும் இதில்தான். டிஜிட்டலில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி அலைவரிசை இல்லை; பல சேனல்கள் ஒரே அலைவரிசையில் ஒரு கட்டாகப் பயணிக்கின்றன. அந்தக் கட்டுக்கு மல்டிபிளெக்ஸ் என்று பெயர். காணாமல் போன சேனல்கள் எல்லாம் ஒரே மல்டிபிளெக்ஸைச் சேர்ந்தவை என்றால், குறிப்பிட்ட ஓர் அலைவரிசையில் கோளாறு இருக்கிறது என்று பொருள். எந்தச் சேனல் எந்த அலைவரிசையில் வருகிறது என்பது சிக்னல் தகவல் திரையிலேயே இருக்கும்.

போன சேனல்கள் எல்லாம் அலைவரிசையின் மேல் முனையில் இருந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். கேபிளில் இழப்பு, அலைவரிசை கூடக் கூட அதிகரிக்கும்; பழைய கேபிளிலும் ஈரம் இறங்கிய கேபிளிலும் முதலில் விழுவது உயர்ந்த அலைவரிசைகள்தாம். கீழ் முனையில் உள்ளவை மட்டும் போயிருந்தால் ஆன்டெனாவின் அளவைப் பாருங்கள். அலைவரிசை குறையக் குறைய அலைநீளம் கூடும், அதற்கேற்ப ஆன்டெனாவின் கம்பிகளும் நீளமாக இருக்க வேண்டும். 2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவில் முழுத்திறன் நிலையங்களின் அனலாக் நிறுத்தப்பட்டபோது, ஃபிலடெல்ஃபியாவின் 6-வது சேனலும் சிகாகோவின் 7-வது சேனலும் தங்கள் டிஜிட்டல் ஒளிபரப்பை வி.எச்.எஃப். என்ற கீழ் அலைவரிசைக்கு மாற்றின. மறுநாளே புகார்கள் குவிந்தன. டிஜிட்டலுக்கென்று பலர் புதிதாக வாங்கியிருந்த சிறிய ஆன்டெனாக்கள் யு.எச்.எஃப். என்ற மேல் அலைவரிசைக்கு மட்டுமே பொருத்தமானவை. நிலையங்கள் சக்தியைக் கூட்ட அனுமதி பெற வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "டிஜிட்டல் ஆன்டெனா" என்று ஒரு பொருள் கிடையாது. "எச்.டி. ஆன்டெனா", "4கே ஆன்டெனா" எல்லாம் அட்டைப்பெட்டியில் மட்டும் உள்ள சமாச்சாரம். ஆன்டெனாவுக்குத் தெரிந்ததெல்லாம் ரேடியோ அலை. அதில் வருவது அனலாகா டிஜிட்டலா என்பது அதற்குத் தெரியாது. உங்கள் ஊருக்கு வரும் அலைவரிசைகளுக்கு ஏற்ற பழைய யாகி ஆன்டெனா (மீன்முள்போல் வரிசையாகக் கம்பிகள் உள்ளது) துரு ஏறாமல் இருந்தால் அதுவே போதும்.

கேபிளும் ஆன்டெனாவும் நன்றாக இருந்தும் ஒரு கட்டு சேனல்கள் ஒரே நாளில் போனால், அலைவரிசை மாறியிருக்கக்கூடும். கைப்பேசிச் சேவைக்கு இடம் ஒதுக்குவதற்காக டிவியின் அலைவரிசைகளைப் பல நாடுகள் கீழே நகர்த்திவிட்டன. அமெரிக்காவில் அந்த மறுஒதுக்கீடு 2020 ஜூலையிலும், பிரிட்டனில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியைக் காலிசெய்யும் பணி 2020 ஆகஸ்டிலும் முடிந்தன. இப்படிப்பட்ட மாற்றத்துக்கு மறுதேடல்தான் தீர்வு. அதன் பிறகும் சேனல் வரவில்லை என்றால் இரட்டைத் தேடல் செய்யுங்கள்: ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறை தேடினால் பழைய பட்டியல் முற்றிலும் அழியும், கேபிளை மாட்டி மறுபடி தேடினால் புதிய பட்டியல் உருவாகும். நினைவகத்தில் பழைய அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும் கருவிகளுக்கு இது நல்ல வைத்தியம்.

எப்போதும் படம் உடைகிறது: வலிமையும் குறைவு, தரமும் குறைவு

சிக்னல் போதவில்லை. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் எங்கே குறைகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கேபிள் முனையிலிருந்து தொடங்குங்கள். இணைப்பானைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவே ஒரு செம்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி வெள்ளை உறை, உறைக்கு வெளியே முடிபோல் மெல்லிய கம்பிவலை. வலையிலிருந்து ஒரே ஒரு இழை பிரிந்து நடுக்கம்பியைத் தொட்டால் போதும், பெரும்பகுதிச் சிக்னல் அங்கேயே முடிந்துவிடும். நடுக்கம்பி பளபளப்பாக இல்லாமல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. அந்த முனையை மட்டும் வெட்டிப் புதிதாக இணைப்பது பெரும்பாலும் வீண்வேலை. ஈரம் வலையினூடாகக் கேபிளில் வெகுதூரம் ஓடியிருக்கும். முழுக் கேபிளையும் மாற்றிவிடுங்கள். டிவி இருக்கும் அறைக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு சிறு வளைவாகத் தொங்கவிட்டால், அடுத்த மழையில் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

கேபிள் சுத்தமாக இருந்தால் ஆன்டெனாவைப் பாருங்கள். திசை சரிதானா? கம்பிகள் கிடைமட்டமாக இருக்க வேண்டுமா, செங்குத்தாகவா? பெரிய கோபுரங்களுக்கும் சிறிய துணைக் கோபுரங்களுக்கும் இது மாறலாம். அண்டை வீட்டு ஆன்டெனாக்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். தவறான பக்கம் படுத்திருக்கும் ஆன்டெனாவில் சிக்னல் பல மடங்கு குறையும்.

அறைக்குள் வைக்கும் ஆன்டெனா என்றால், முதலில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். ஆனால் வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய ஜன்னல் கண்ணாடியும், சுவருக்குள் அலுமினியத் தாள் ஒட்டிய காப்புப் பலகையும் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். அப்படிப்பட்ட வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் படம் வரும், மூடினால் போகும். வீட்டுக்காரர் திகைத்துப்போய் நிற்பார். அங்கெல்லாம் வெளியே ஓர் ஆன்டெனா வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. "நூறு மைல் எட்டும்" என்ற விளம்பரத்தை நம்பி இன்னொரு அறை ஆன்டெனா வாங்காதீர்கள். பூமியின் வளைவை எந்த விளம்பரமும் நிமிர்த்த முடியாது.

கூரை வேலை என்றால் தனியாக ஏறாதீர்கள், ஈரக் கூரையில் ஏறவே ஏறாதீர்கள். மின்கம்பி அருகில் இருந்தால் அந்த வேலையை அதற்கென்று இருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

வலிமை நிறைய, தரம் மட்டும் குறைவு

முன்னே சொன்ன பூஸ்டர் ஆசாமிகள் வந்து சேரும் இடம் இது. பட்டை முழுக்கப் பச்சையாக நிற்கும், படமோ நொறுங்கிக்கொண்டிருக்கும். பெறுகருவிக்கு ஒரு கொள்ளளவு உண்டு. டிவி முனையில் சிக்னல் சுமார் 45 முதல் 65 டெசிபல்-மைக்ரோவோல்ட் (பொறியாளர்கள் சிக்னலை அளக்கும் அலகு) வரை இருந்தால் நல்லது. அதற்கு வெகுவாக மேலே போனால் டிவிக்குள் சிக்னலை வாங்கும் பகுதியான ட்யூனர் திணறும், தானே புதிதாக இரைச்சலை உருவாக்கும். காதருகே ஒலிபெருக்கியை வைத்துக் கத்தினால் சொல் புரியாமல் போவதைப் போலத்தான் இதுவும்.

பிரிட்டனில் இது பெரிய அளவிலேயே நடந்தது. அனலாக் நிறுத்தப்படும் வரை, அதற்கு இடையூறு வராமலிருக்க டிஜிட்டலைக் குறைந்த சக்தியில் ஒளிபரப்பினார்கள். அதைப் பிடிக்க மக்கள் பூஸ்டர் போட்டார்கள். 2007 முதல் 2012 வரை பகுதி பகுதியாக அனலாக் நின்றதும் டிஜிட்டலின் சக்தி பல மடங்கு கூடியது. லட்சக்கணக்கான வீடுகளில் படம் சீரானது. பூஸ்டர் கழற்றாத வீடுகள் சிலவற்றில் அன்றுதான் படம் கெட்டது. "மாற்றினார்கள், கெடுத்தார்கள்" என்ற கருத்து அந்த வீடுகளில் பிறந்தது.

சோதனை எளிது. பூஸ்டரைக் கழற்றிக் கேபிளை நேராக டிவியில் மாட்டுங்கள். தரம் ஏறினால் விடை கிடைத்துவிட்டது. கோபுரத்துக்கு வெகு அருகில் இருந்தால் பூஸ்டர் இல்லாமலேயே இந்த நிலை வரலாம். அப்போது சிக்னலைக் குறைக்கும் சிறு இணைப்பான் ஒன்றைச் செருகினால் போதும், விலையும் அற்பம்தான்.

பூஸ்டர் இல்லை, கோபுரமும் அருகில் இல்லை என்றால் கைப்பேசிக் கோபுரத்தைச் சந்தேகிக்கலாம். டிவியின் பழைய அலைவரிசைகளில் இப்போது 4ஜி, 5ஜி ஓடுகிறது. பழைய ஆன்டெனாவும் பூஸ்டரும் அதையும் சேர்த்தே வாங்கும். அதைத் தடுக்கும் வடிகட்டியைப் பூஸ்டருக்கு முன்னால் மாட்ட வேண்டும். பின்னால் மாட்டினால் பயன் சொற்பம், ஏனென்றால் அதற்குள் பூஸ்டர் திணறிவிட்டிருக்கும். இருந்தாலும் எடுத்தவுடன் கைப்பேசிக் கோபுரத்தின் மேல் பழிபோட வேண்டாம். பிரிட்டனில் 800 மெகாஹெர்ட்ஸ் 4ஜி வருவதற்கு முன் 23 லட்சம் வீடுகள் வரை பாதிக்கப்படலாம் என்று மதிப்பிட்டார்கள். செய்தித்தாள்களில் அந்த எண் பெரிதாகவே வந்தது. வடிகட்டி கொடுத்து உதவத் தனி அமைப்பே உருவானது. நிஜத்தில் பாதிக்கப்பட்டவை அதில் மிகச் சிறிய பங்குதான்.

சில நேரங்களில் மட்டும் உடைகிறது

நேரத்தைக் குறித்து வையுங்கள். இந்த அறிகுறிக்கு அதைவிட நல்ல கருவி இல்லை.

குளிர்சாதனப் பெட்டி ஓடத் தொடங்கும்போதோ, விளக்கைப் போடும்போதோ, தெருவில் வண்டி போகும்போதோ ஒரு நொடி உடைந்தால், அது மின்பொறியின் இரைச்சல். சாதாரணக் கேபிளை இரட்டைக் காப்புள்ளதாக மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். குறிப்பிட்ட ஓர் எல்.இ.டி. விளக்கோ மலிவான சார்ஜரோ காரணமாக இருந்தால், வீட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

காற்றடித்தால் உடைகிறது என்றால் ஆன்டெனாவின் பிடி தளர்ந்திருக்கலாம், அல்லது நடுவே மரம் ஆடலாம். இலையுதிர்ந்த காலத்தில் நன்றாக இருந்து, துளிர்த்த பிறகு கெட்டால் சந்தேகமே வேண்டாம், மரம்தான். நனைந்த இலைகள் இன்னும் அதிகம் விழுங்கும். மழையில் மட்டும் கெட்டு, மழை விட்டும் பல மணி நேரம் அப்படியே இருந்தால் கேபிளில் நீர். மழைத்துளி தானாக இந்த அலைவரிசைகளைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அது செயற்கைக்கோள் டிஷ் வைத்திருப்பவர்களின் துன்பம்.

காற்றும் இல்லை, மழையும் இல்லை. வானம் தெளிவாக, வெயில் இதமாக இருக்கும் நாளில் படம் நொறுங்கினால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் வானிலைதான். உயர் காற்றழுத்தம் நிலவும்போது மேலே வெப்பக் காற்றும் கீழே குளிர்ந்த காற்றும் அடுக்காக நிற்கும். அந்த அடுக்கு ரேடியோ அலைகளை வளைத்து, வழக்கமாக எட்டாத நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு இழுத்துச் செல்லும். கடலுக்கு அப்பாலுள்ள நிலையம் ஒன்று, உங்கள் நிலையத்தின் அதே அலைவரிசையில் வந்து மோதும். கடற்கரைப் பகுதிகளில் இது அதிகம். காத்திருப்பதைத் தவிர செய்வதற்கு எதுவும் இல்லை. இந்த நேரத்தில் மறுதேடல் செய்தால் கருவி அந்நிய நிலையத்தைச் சேமித்துக்கொள்ளும். வானிலை சீரான பிறகு உங்கள் சேனல்கள் பட்டியலில் இருக்காது.

ஓர் அறையில் நன்றாக, இன்னோர் அறையில் மோசமாக

கேபிளைப் பிரிக்கும் பிரிப்பானைப் பாருங்கள். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளையிலும் சுமார் மூன்றரை டெசிபல், நான்காகப் பிரித்தால் சுமார் ஏழு டெசிபல் இழப்பு. விளிம்பில் இருந்த வீட்டுக்கு அதுவே போதும். கூரையில் ஆன்டெனாவுக்கு அருகே, கேபிளின் இழப்புக்கு முன்பாக வைக்கும் பெருக்கி இங்கே நியாயமான செலவு. டிவிக்குப் பின்னால் வைப்பது, ஏற்கெனவே கெட்டுப்போன சிக்னலை இரைச்சலோடு சேர்த்துப் பெரிதாக்கும்.

இன்னொன்று: எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். காப்பு மோசமான கேபிள்கள் யு.எச்.எஃப். அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். பக்கத்திலிருக்கும் ஆன்டெனா கேபிளும் தரம் குறைந்ததாக இருந்தால் ஓரிரு சேனல்கள் மட்டும் மாயமாகும்.

சேனல் பெயர் இருக்கிறது, படம் இல்லை

சிக்னல் நலம், கருவிக்கு மொழி புரியவில்லை. பிரான்ஸ் 2016 ஏப்ரல் 5-ல் முழுவதும் எம்பெக்-4 என்ற படச் சுருக்க முறைக்கு மாறியது. ஜெர்மனி 2017 மார்ச் 29 முதல் டி.வி.பி.-டி2 என்ற புதிய ஒளிபரப்பு முறைக்கும் எச்.இ.வி.சி. என்ற புதிய சுருக்க முறைக்கும் மாறத் தொடங்கியது. ஸ்பெயின் 2024 பிப்ரவரி 14-ல் எச்.டி. அல்லாத ஒளிபரப்பை நிறுத்தியது. இத்தகைய மாற்றத்துக்குப் பிறகு பழைய டிவி குரலை மட்டும் தரலாம், அல்லது கறுப்புத் திரையைக் காட்டலாம், அல்லது சேனலைப் பட்டியலிலிருந்தே விட்டுவிடலாம். ஆன்டெனாவைத் தொடாதீர்கள். புதிய முறையைப் படிக்கும் செட்-டாப் பாக்ஸ் ஒன்று வாங்குங்கள். டிவியை மாற்ற வேண்டியதில்லை.

ஒரே சேனல் பட்டியலில் இரண்டு முறை வந்தாலோ, பக்கத்து மாவட்டச் செய்தி வந்தாலோ, இரண்டு கோபுரங்களின் சிக்னல் உங்களுக்குக் கிடைக்கிறது. தானியங்கித் தேடலை விட்டுவிட்டு, உங்கள் கோபுரத்தின் அலைவரிசைகளை மட்டும் கைமுறையாகக் கொடுங்கள்.

புகார் செய்வதானால்

எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, அண்டை வீடுகளிலும் அதே கதி என்றால் புகார் செய்ய வேண்டியதுதான். சும்மா இருப்பது நல்லதல்ல. சுவிட்சர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனம், ஆன்டெனாவில் பார்ப்பவர்கள் மிகக் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி, 2019 ஜூன் 3 அன்று தரைவழி ஒளிபரப்பையே நிறுத்திவிட்டது. படம் சரியாக வராததால் சத்தமில்லாமல் விலகுபவரையும், ஆன்டெனாவே தேவையில்லை என்று விலகுபவரையும் எந்தக் கணக்கும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆனால் "டிஜிட்டல் சுத்த மோசம்" என்று எழுதினால் அது கருத்தாக மட்டும் பதிவாகும். யாரும் கோபுரத்தில் ஏறிப் பார்க்க மாட்டார்கள். எந்த மல்டிபிளெக்ஸ், எந்த அலைவரிசை, எந்தத் தேதியிலிருந்து, நாளின் எந்த நேரத்தில், அப்போது வலிமையும் தரமும் என்ன, நன்றாக இருந்தபோது அவை என்ன, ஆன்டெனா கூரையிலா அறையிலா, பூஸ்டரைக் கழற்றிப் பார்த்தீர்களா, எத்தனை அண்டை வீடுகளில் இதே நிலை என்று எழுதுங்கள். உடைந்த திரையைவிட, சிக்னல் தகவல் திரையை ஒரு படம் எடுத்து இணைப்பது மேல். நான்கு வீட்டுக்காரர்கள் தனித்தனியாக, ஒரே தேதியையும் ஒரே அலைவரிசையையும் குறிப்பிட்டு எழுதினால், பழுது கோபுரத்தில்தான் இருக்கிறது என்பதைப் பொறியாளர் தம் மேசையிலிருந்தே கண்டுகொள்வார்.